ஈரம் காயாத முப்பது நாற்காலிகள்

அன்றைக்குச் சங்கக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் பெயர் உத்திராபதி. என் மனைவி கோசலை. கோசலையின் தம்பி கலியமூர்த்தி. தில்லைக்கண்ணு. சேக் தாவூது. அவர் தம்பி நூர்தீன். அஞ்சுகம். பக்கிரிசாமி. குஞ்சிதபாதம். ராயப்பன். சந்திரகாசு. இதோடு உறுப்பினர்கள் பதினொன்று. கூட்டுறவு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒருவர். டீ கொண்டுவந்து வாசலிலேயே நின்றுவிட்ட டீக்கடை மாணிக்கம் ஒருவர். ஆக, மனிதர்கள் பதிமூன்று. நாற்காலிகள் முப்பது. அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை இதில் சேர்க்கவில்லை.

எல்லாரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. கோசலை, கலியமூர்த்தி, தில்லைக்கண்ணு, சேக் தாவூது, இந்த நான்கு பேர் போதும். ஆனால் யாரையும் விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு தப்பும். கணக்கு தப்பினால் நான் சொல்வது உங்களுக்குப் பொய்யாகத் தெரியும்.

பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. புங்கமரத்தடியில் பையோடு நிற்கும் அம்மா உங்கள் வீட்டுக்காரம்மாதானே, ஏன் இருபது அடி தள்ளி நிற்கிறார் என்று கேட்டீர்கள். இருபது இல்லை. பதினாறு அடிதான் இருக்கும். பன்னிரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள். குறை இல்லை. இன்றைக்குச் சிதம்பரத்துக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவளும் அவள்தான். பேச்சு மட்டும் இல்லை. சங்கத்து நோட்டில் நான் அவளை எதிர்த்ததாக எழுதியிருக்கிறது. அது தவறு. எப்படித் தவறு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதோ வருகிற வண்டி சிதம்பரமா? எனக்குத் தெரியும், இருந்தாலும் நீங்கள் ஒரு தடவை படித்துச் சொல்லிவிடுங்கள். சீர்காழியா? சரி. நானும் அதைத்தான் நினைத்தேன்.

இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் பிரம்புக் கடைகள் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சல், சோபா, கூடை எல்லாம் மற்றவர்கள் செய்வது. எங்கள் சங்கம் நாற்காலி மட்டும்தான் செய்யும். மரச்சட்டத்தில் சுற்றிலும் துளை போட்டு, அதில் பிரம்பு இழையைக் கோத்து, உட்காரும் இடத்தைப் பின்னுகிறோம். முன்பக்கம் இருபத்தொரு துளை. இரண்டு பக்கமும் பக்கத்துக்குப் பத்தொன்பது. பின்பக்கம் பதினேழு. மொத்தம் எழுபத்தாறு. இதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது எங்கள் நாற்காலி இல்லை.

இழையைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடுதான் பின்ன வேண்டும். காயும்போது அது சுருங்கி இறுகும். இறுகிவிட்டால் நூறு கிலோ ஆளையும் தாங்கும். காயும் முன் யாராவது உட்கார்ந்தால் குழி விழுந்துவிடும். விழுந்த குழி பிறகு எழுந்திருக்காது. அதனால் எங்கள் ஊரில் யாரும் நாற்காலியைக் கண்டதும் உட்கார மாட்டார்கள். முதலில் புறங்கையை வைத்து ஈரம் பார்ப்பார்கள். என் மச்சான் கலியமூர்த்தி கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். சம்பந்தி வீட்டார் அவனுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். கோளாறு இல்லை. பழக்கம்.

பதினெட்டு வருஷமாகச் சங்கத்தில் தரம் பார்த்தவன் நான். என் கையில் ஒரு நீல சாக்குக்கட்டியும் ஒரு சின்னக் கத்தியும் இருக்கும். பின்னல் சரியாக இருந்தால் அடியில் நீலக் கோடு போடுவேன். தவறாக இருந்தால் நடுவில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. அறுத்துவிட்டால் அதை யாரும் விற்க முடியாது, மறுபடி முதலிலிருந்து பின்னித்தான் ஆக வேண்டும். இந்த வருஷம் ஆடி தொடங்கி ஐப்பசி பாதி வரை நாற்பத்தேழு அறுத்தேன். தில்லைக்கண்ணு பின்னியதில் பதினாறு. கலியமூர்த்தி பின்னியதில் ஏழு. என் மனைவி பின்னியதில் ஐந்து. வீட்டு ஆள் என்று நான் பார்த்ததில்லை. அதற்கு முந்திய வருஷம் இதே மாதங்களில் ஒன்பதுதான் அறுத்திருந்தேன். ஒன்பது நாற்பத்தேழு ஆனது எப்படி என்றால், ஆட்களுக்குக் கவனம் குறைந்துவிட்டது.

கோசலை வேறு மாதிரி சொன்னாள்.

"அஞ்சுகம் பின்னுனதுல தப்பே இல்லீங்க. சன்னல் கம்பி நிழலு அது மேல விழுந்துச்சு. நிழலைப் பாத்து அறுத்துட்டீங்க."

"நிழல் அந்த நேரத்துல அங்க விழாது."

"ஒங்களுக்குக் கண்ணு சரியா தெரியலைங்க."

"எனக்கு நல்லாத் தெரியுது. இப்ப இழையையே முன்னைக்கு மெல்லிசா சீவுறாங்க."

பொங்கலிலிருந்து இதை அவள் பதினோரு தடவை சொல்லியிருக்கிறாள். நான் பதினோரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது தில்லைக்கண்ணு கூட்டுறவு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டான். உத்திராபதியைத் தரம் பார்க்கும் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும், அதற்குச் சிறப்புக் கூட்டம் போட வேண்டும் என்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு வேறு பொறுப்பு எதுவும் கிடையாது அம்மா. பிள்ளைகள் இல்லை. நிலம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. ஒரு சாக்குக்கட்டி, ஒரு கத்தி. அதைக் கையில் வைத்திருந்தால் நான் பேசாமலே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் ஓட்டுக் கேட்க வீடு வீடாகப் போனேன். சேக் தாவூது வீட்டு வாசலில் நின்று, மழை விடாது போலிருக்கிறது என்றேன். "ஆமாண்ணே, விடாது" என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நூர்தீனும் தலையாட்டினான். இரண்டு. அஞ்சுகம் வீட்டில், வாய்க்கால் நிரம்பிவிட்டது என்றேன். தலையாட்டியது. மூன்று. கலியமூர்த்தி, "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க அத்தான்" என்றான். நான்கு. கோசலை ஐந்து. வீட்டு ஆளைப் போய்க் கேட்பார்களா? கேட்கவில்லை. நான் ஆறு. பதினொன்றில் ஆறு பெரும்பான்மை. வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் புதுச்சேரி விடுதி ஒன்றிலிருந்து முப்பது நாற்காலிக்கு ஆர்டர். பதினொரு பேரும் உட்கார்ந்து பின்னி சனிக்கிழமை சாயங்காலம் முடித்தோம். வெளியே அடைமழை. முற்றத்தில் காயப்போட வழியில்லை. வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, கூடம் முழுக்க அடுக்கிவைத்தோம். வரிசைகளுக்கு நடுவில் ஆட்கள் நிற்க மட்டும் இடம். தரையில் உட்காரவும் முடியாது.

அதிகாரி அம்மா வந்தார். சின்ன வயது. குடையை மடக்கி மூலையில் வைத்தார். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் உட்காருங்க."

ஒருவரும் உட்காரவில்லை.

"பரவால்ல, உட்காருங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"இருக்கட்டும்மா. நாங்க நிக்கிறோம்" என்றார் சேக் தாவூது.

"இத்தனை நாற்காலி இருக்கே?"

"இருக்கும்மா" என்றது அஞ்சுகம். "ஆனா அதெல்லாம் இன்னும் நாற்காலி ஆகலை."

அதிகாரி அம்மா எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளைப் பார்த்துப் படித்தார். "துணைவிதி பதினாலு. தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கணும். எதிர்க்கிறவங்க உக்காந்திருக்கணும். நின்னவங்களை எண்ணி எழுதணும். இதை யார் எழுதுனாங்களோ, ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அதை எழுதச் சொன்னது நான்தான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அதுவரை கை தூக்கித்தான் ஓட்டு. ஒரு தடவை பத்துப் பேர் இருந்த கூட்டத்தில் பதினேழு கை எண்ணப்பட்டது. எழுந்து நின்றால் ஒரு ஆள் ஒரு ஆள்தானே? அதற்காகத்தான்.

கலியமூர்த்திக்கு முதலில் விஷயம் உறைத்தது. "அம்மா, கொஞ்சம் இருங்க. நாங்கதான் இப்பவே நிக்கிறோமே! இன்னைக்கு மட்டும் கையைத் தூக்கச் சொல்லுங்க."

"விதியில அப்படி இல்லையே."

"விதியை மாத்திக்கலாம்மா."

"அதுக்கு இருபத்தோரு நாளுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

ஓட்டுக்கு முன்னால் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "விதியை மாத்தக் கூடாது" என்றேன். கை தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி அம்மா தீர்மானத்தைப் படித்தார். என்னை நீக்க வேண்டும் என்பது தீர்மானம். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றார். நின்றுகொண்டிருந்தோம். எதிர்ப்பவர்கள் உட்காரவும் என்றார். நான் பக்கத்து நாற்காலியில் புறங்கையை வைத்தேன். ஈரம். அதற்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். அதுவும் ஈரம். என்னுடைய ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அவர்களும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நல்ல தொழிலாளிகள்.

நான் ஒன்றை மறைக்கவில்லை அம்மா. கோசலை வாசற்படிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். படி காய்ந்துதான் இருந்தது. கலியமூர்த்திக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குப் பிரம்புக் கட்டு இருந்தது. ஆனால் தொழில் செய்யும் பொருள் மீது யாரும் உட்கார மாட்டோம். சேக் தாவூது நின்ற இடத்தில் சன்னல் திண்டு இருந்தது. அதில் சாரல் அடித்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அதிகாரி அம்மா பேனாவை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். எட்டு. ஒன்பது. பத்து. தில்லைக்கண்ணுதான் பதினொன்றாவது. அவனுக்கு இடது முழங்காலில் வலி, நாலு வருஷமாக. அரைமணி நேரம் நின்றிருக்கிறான். பேனா அவனிடம் வருவதற்குள் கால் மடங்கிவிட்டது. "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே, கலியமூர்த்தி பின்னிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கூடமே அலறியது.

"ஏய்! ஈரம்!"

"எந்திரிய்யா! எந்திரி!"

"அய்யய்யோ, போச்சு!"

வாசலில் நின்ற மாணிக்கம்கூட டீத் தூக்கை வைத்துவிட்டுக் கத்தினான். என் குரல்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று பிறகு சொன்னார்கள். நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். "எந்திரிடா பாவி! குழி விழுதுடா!"

அதிகாரி அம்மா நிமிரவே இல்லை. "ஆதரவு பத்து. எதிர்ப்பு ஒண்ணு. தில்லைக்கண்ணு" என்று எழுதினார்.

தில்லைக்கண்ணு எழுந்து நின்று, "அம்மா, என்னம்மா எழுதுறீங்க? தீர்மானம் கொண்டாந்ததே நான்தான்!" என்றான்.

"அப்புறம் ஏன் எதிர்த்தீங்க?"

"எதிர்க்கலைம்மா. வலிச்சுது."

"காரணம் எழுத இதுல எடம் இல்லை."

இப்படித்தான் என் பதினெட்டு வருஷம் முடிந்தது. என்னை நீக்க நானும் ஓட்டுப் போட்டேன். எனக்காக ஓட்டுப் போட்ட ஒரே ஆள் தில்லைக்கண்ணு. அவனையும் நானே எழுப்பிவிட்டேன். ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். முப்பது நாற்காலியில் இருபத்தொன்பது நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை.

அடுத்தது, புதிதாகத் தரம் பார்க்கிறவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கிரிசாமி, "தில்லைக்கண்ணு" என்றான். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும். நின்றுகொண்டிருந்தோம். பதினொன்றுக்குப் பதினொன்று. தில்லைக்கண்ணுவும் இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னொரு தடவை உட்கார அவனுக்குத் தைரியம் இல்லை.

சேக் தாவூதுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலு நிக்காத ஆளு தரம் பாக்குறதா? என் பேரை எழுதுங்கம்மா."

எழுதினார். பதினொன்றுக்குப் பதினொன்று.

"அப்ப ரெண்டு பேரா?" என்றான் தில்லைக்கண்ணு.

"எத்தனை பேருன்னு ஒங்க விதியில இல்லையே" என்றார் அதிகாரி அம்மா.

அது என் தவறு. எழுதச் சொன்னபோது அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டேன். மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கும், நீங்கள் வேண்டுமானால் வாங்கிப் படித்துப் பாருங்கள். பிறகு கலியமூர்த்தி தன் பெயரைச் சொன்னான். ராயப்பன், குஞ்சிதபாதம் பெயரைச் சொன்னார். குஞ்சிதபாதம், ராயப்பன் பெயரைச் சொன்னார். அஞ்சுகம், "கோசலையக்கா பேரையும் போடுங்க" என்றது. ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் பத்துப் பேர் தரம் பார்ப்பவர்கள் ஆகிவிட்டார்கள். நீக்கப்பட்டவரை அதே கூட்டத்தில் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதால் நான் ஒருவன்தான் இல்லை. மாணிக்கமும் தன் பெயரைச் சொன்னான். அவன் உறுப்பினர் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கோசலையிடம் கேட்டேன். "நீ ஏன் உட்காரலை?"

"ஈரம்."

"வாசப்படி காஞ்சுதானே கெடந்துச்சு?"

"வெள்ளி செவ்வாயில வாசப்படியில உக்காரக் கூடாதுங்க."

"இன்னைக்கு ஞாயிறு."

"ஞாயித்துக்கெழமையும் கூடாது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு அது தெரியாது. அவள் வீட்டுப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை தரம் பார்க்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை லாரி வரும். ஒரு நாற்காலிக்குப் பத்து நீலக் கோடு வேண்டும். சங்கத்தில் இருந்தது ஒரே ஒரு சாக்குக்கட்டி, அதைப் பத்தாக உடைத்துக்கொண்டார்கள். கத்தி அவரவர் வீட்டிலிருந்து வந்தது. ராயப்பன் கொண்டுவந்தது மீன் அறுக்கும் கத்தி. எனக்கு உள்ளே வேலை இல்லை. எதிரே மாணிக்கத்தின் டீக்கடையில் உட்கார்ந்து காதால் கேட்டு எண்ணினேன். பிரம்பு அறுபடும் சத்தம் எனக்குத் தெரியாதா?

தில்லைக்கண்ணு முதலில் அறுத்தது, தான் உட்கார்ந்த நாற்காலியைத்தான்.

"இதுல குழி இருக்கு."

"யோவ், அது நீ உக்காந்த குழிய்யா!" என்று கலியமூர்த்தி கத்தினான்.

"யாரு குழியா இருந்தா என்ன? குழின்னா குழிதான்."

அது சரியான பேச்சு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உடனே கலியமூர்த்தி போய் தில்லைக்கண்ணு பின்னியதில் இரண்டை அறுத்தான். அதற்காகப் பக்கிரிசாமி கலியமூர்த்தி பின்னியதில் ஒன்றை. அதற்காகச் சேக் தாவூது பக்கிரிசாமி பின்னியதில் ஒன்றை. அண்ணனும் தம்பியுமாக ஒன்றாகச் சாப்பிடுகிற சேக் தாவூதும் நூர்தீனும் ஆளுக்கு ஒன்றை மாற்றி மாற்றி அறுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை ஒன்பது. செவ்வாய்க்கிழமை பதினான்கு. புதன்கிழமை ஏழு.

நான் பின்னியது நான்கு. அதில் மூன்றைத் தில்லைக்கண்ணு அறுத்தான். அதை நான் கணக்கில் வைக்கவில்லை. நாலாவதைக் கோசலை அறுத்தாள்.

நான் டீக்கடையிலிருந்து எழுந்து உள்ளே போனேன். போகக் கூடாதுதான், போய்விட்டேன். அவள் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தாள். முன்பக்கத்திலிருந்து ஐந்தாவது வரிசை. இழை கீழே போக வேண்டிய இடத்தில் மேலே போயிருந்தது. அடுத்ததும் மேலே. இரண்டு தவறு. கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனேன், ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு வெளிச்சம் பத்தலை" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மூன்று நாளில் கோசலை மொத்தம் மூன்றுதான் அறுத்தாள் அம்மா. ஒன்று என்னுடையது. ஒன்று தம்பி கலியமூர்த்தியுடையது. ஒன்று அவளே பின்னியது. அந்த மூன்றுக்கு மட்டும்தான் யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "முப்பது நாற்காலின்னாங்க?"

"முப்பதும் இருக்குதுங்க" என்றார் சேக் தாவூது. "உக்கார்ற எடம்தான் இல்லை."

ஓட்டுநர் வரிசையாக முப்பதையும் நடந்து பார்த்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை. "எலி கடிச்சிருச்சா?" என்று கேட்டார். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். லாரி காலியாகப் போனது. விடுதிக்காரர் நல்லவர், மூன்று வாரம் தவணை கொடுத்தார். மறுபடி பதினொரு பேரும் உட்கார்ந்து முப்பதையும் பின்னினோம். யாரும் யாரோடும் பேசாமல் பின்னினோம்.

இரண்டாவது கூட்டம் கார்த்திகையில். மழை நின்று வெயில் அடித்தது. நாற்காலிகள் காய்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதே அதிகாரி அம்மா. அவர் சொல்வதற்கு முன்பே நாங்கள் பதினொரு பேரும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தோம். அவருக்கு ஆச்சரியம்.

தில்லைக்கண்ணு உட்கார்ந்தபடியே பேசினான். "பத்துப் பேரு வேணாம்மா. பத்துப் பேரு இருந்தா சங்கத்துல ஒரு நாற்காலி மிஞ்சாது. ஒரே ஆளு போதும். கோசலை இருக்கட்டும். புருசன் பின்னுனதையும் அறுத்துச்சு, தம்பி பின்னுனதையும் அறுத்துச்சு, தன்னோடதையும் அறுத்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?"

"அவங்க சம்மதம்?" என்றார் அதிகாரி அம்மா.

கோசலை வரிசைகளைத் தாண்டி என்னைப் பார்த்தாளாம். எனக்கு அது தெரியவில்லை. நடுவில் தூரம். பிறகு கலியமூர்த்தி சொல்லித்தான் தெரியும். "அக்கா ஒங்க மொகத்தைத்தான் பாத்துச்சு அத்தான். நீங்க குனிஞ்சுகிட்டே இருந்தீங்க" என்றான்.

நான் குனிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பெண்பிள்ளை, பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசினேன். வழக்கமாக நான் இவ்வளவு பேசுகிறவன் இல்லை. இந்தப் பன்னிரண்டு நாளில் அவளிடம் சொல்ல மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் வெயிலைப் பற்றிச் சொல்லி நிறுத்திவிட்டேன்.

அந்த வண்டியா? சிதம்பரம்தானே? அவள் பையை எடுத்துவிட்டாள் பாருங்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் உட்கார்ந்தது கோசலை பின்னிய நாற்காலி. உட்கார்ந்ததுமே தெரிந்தது, பலகை மாதிரி இருந்தது. கையைக் கீழே விட்டு அடியில் முடிச்சுகளைத் தடவினேன். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், கை சும்மா இருக்காது. முன்பக்கம் ஒவ்வொரு துளையாக எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்தொன்றும் சரி. ஒரு முடிச்சு விரலில் இடறவில்லை. இடப்பக்கம் பத்தொன்பதும் சரி. நான் அவள் நாற்காலியில் ஐந்து தடவை கத்தி வைத்திருக்கிறேன் அம்மா. இந்தப் பின்னலில் நூல் அளவுக்குக்கூடக் குறை இல்லை. வலப்பக்கம் போனேன். அங்கேயும் பத்தொன்பதும் சரி. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இவளைவிட நல்ல ஆள் இந்தச் சங்கத்தில் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், சத்தியமாக. ஆனால் முழுதும் எண்ணாமல் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அதிகாரி அம்மா, ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்றார். சுற்றிலும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆதரவு பத்து, எதிர்ப்பு ஒன்று, உத்திராபதி என்று எழுதிவிட்டார்கள். எழுந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் விரல் வலப்பக்கத்துக் கடைசித் துளையில் இருந்தது. ஐம்பத்தொன்பது எண்ணியிருந்தேன். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: பின்பக்கத்தில் இன்னும் பதினேழு மீதி இருந்தது.